சில்லுத் தெறித்த சிற்பங்கள்: சேரன்மகாதேவி வட்டாரத்தில் ஒரு மாணவியின் சுடுமண் முயற்சிகள் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருநெல்வேலிப் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் இளநிலை வரலாறு படித்துவந்த மாணவி ஒருவர், இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில் பானை வனையவும் சுடுமண்ணில் உருவம் செய்யவும் கற்கத் தொடங்கினார். அதே கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தைக் கவனித்து வருபவன் என்ற முறையில், மண்ணைச் சோதித்துத் தருமாறு அவர் கேட்டு வந்த நாள் முதல் நடந்தவற்றை நான் நேரில் பார்த்தேன். அதற்கு முந்தையவற்றை அவருடைய குறிப்பேட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களையும் ஊரையும் குறிப்பிடவில்லை.

அவரை இந்த வேலைக்கு இழுத்தது ஆதிச்சநல்லூர். அங்கே 2004-05-இல் நடந்த அகழாய்வில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் ஒல்லியான பெண்ணுருவம் ஒன்றும், அதனருகே கொக்கு, மான், முதலை ஆகியவையும் மண்ணை ஒட்டிப் புடைப்பாகச் செய்யப்பட்டிருந்தன. வகுப்பில் அதன் படத்தைப் பார்த்த மாணவி, அதைப் போன்ற ஒட்டுருவங்களைத் தன் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று விரும்பினார். தமிழ்நாட்டின் அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. திருநெல்வேலியில் இருந்துகொண்டு முறையாகக் கற்க அவருக்கு வழியில்லை. காருகுறிச்சி மண்பாண்டத்துக்குப் பெயர்பெற்ற ஊராதலால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் விசாரித்து, வயதில் மூத்த வேளார் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தார். காலை நேரத்தில் வந்து கற்றுக்கொள்ளலாம் என்று அவர் இசைந்தார்; மண்ணுக்கும் விறகுக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

முதல் வேலைகள்

தாமிரபரணிக் கால்வாய்களால் நிரம்பும் குளங்கள் கோடையில் வற்றும்போது, உரிய அனுமதி பெற்று வேளார்கள் ஓராண்டுக்கான மண்ணை வெட்டிச் சேர்த்துவிடுகிறார்கள். அந்த மண்ணை நீரில் ஊறவைத்து, கல்லும் வேரும் நீக்கி, சிறிது ஆற்றுமணல் சேர்த்து, காலால் மிதித்துப் பதமாக்குவது வழக்கம். மாணவிக்குக் கிடைத்ததும் இப்படி மிதித்துவைத்த பானை மண்தான்.

சக்கரத்தில் அவர் செய்தவை சிறு கிண்ணங்களும் அகல்களும். அவற்றில் பலவற்றின் அடிப்பகுதி காயும்போது வளைந்த கோடாக வெடித்தது. சுவரைப் பிடித்து உயர்த்தும்போது அதன் மண் அழுத்தம் பெறுகிறது. அடியை விரலால் அழுத்தாமல் விட்டால் அது தளர்வாகவே இருந்து, காயும்போது சுவரைவிட அதிகமாகச் சுருங்குகிறது. ஈரத்துணியால் அடியை நன்றாக அழுத்தித் தேய்க்கக் கற்றதும் இந்தக் குறை நின்றுவிட்டதால், இதைப் பற்றி மேலும் எழுத வேண்டியதில்லை.

சிற்பங்கள் அப்படி எளிதில் வசப்படவில்லை. முதலில் அவர் செய்தவை மூன்று வகை: பெண்ணும் கொக்கும் புடைப்பாக அமைந்த தட்டையான பலகைகள், உள்ளே முழுவதும் மண்ணாகவே பிடித்த ஒரு முதியவளின் தலை, குடத்துடன் குந்தியிருக்கும் ஒரு பெண். பலகைகளில் ஒட்டிய உருவங்கள் காயும்போதே ஓரத்திலிருந்து பெயர்ந்தன. பலகை பாதி காய்ந்து இறுகிய பிறகு, அப்போதுதான் பிசைந்த ஈரமண்ணில் உருவம் செய்து மேலே ஒட்டியிருந்தார். முன்பே பாதி சுருங்கிவிட்ட பரப்பின் மேல் இனித்தான் முழுதாகச் சுருங்கப்போகும் மண் நிற்காது என்பது பின்னர் புரிந்தது. இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது ஒட்டுமிடத்தைக் கீறி, குழைமண் தடவி அழுத்தியபோது பெயர்வது வெகுவாகக் குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை.

வேலை நடந்த பருவத்தையும் சொல்லியாக வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்று இந்த வட்டாரத்தில் துணிகூட நிற்கவிடாது. திறந்த திண்ணையில் வைத்த சிற்பங்களின் மேற்பரப்பு ஒரே நாளில் வெளுத்துக் காய்ந்துவிட்டது. தொட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் காய்ந்துவிட்டதாகவே நினைத்தார்கள்.

முதல் சூளையில் கண்டவை

வேளாரின் சூளை பானைகளை அடுக்கி, இடையில் தென்னை மட்டையும் விறகும் வைத்து, மேலே வைக்கோல் பரப்பி மண் பூசி மூடும் வகையைச் சேர்ந்தது. சூளையை அடுக்கி முடித்த பிறகு தீவாய்க்கு அருகே இடம் மிஞ்சியது. மாணவியின் தலைச் சிற்பமும் குந்திய பெண்ணும் அங்கே வைக்கப்பட்டன. தீ மூட்டிச் சிறிது நேரத்திலேயே உள்ளே வெடிச்சத்தம் கேட்டது. மறுநாள் சூளையைப் பிரித்தபோது தலை பல துண்டுகளாகிக் கிடந்தது. அதன் சில்லுகள் பட்டு அருகிலிருந்த வேளாரின் பானைகள் சிலவும் உடைந்திருந்தன. குந்திய பெண்ணின் தோள் பிளந்திருந்தது. பானைகளுக்கு மாணவி பணம் கொடுக்க முன்வந்தபோது அவர் வாங்கவில்லை. ஆனால் அடுத்த சூளையில் சிற்பம் எதையும் வைக்கச் சம்மதிக்கவும் இல்லை. அவருடைய பிழைப்பு அந்தச் சூளையில் இருக்கிறது என்பதை நினைத்தால் அது சரியான முடிவே.

காரணத்தைத் தேடிய விதம்

உள்ளே காற்று அடைபட்டிருந்ததால் வெடித்தது என்று பலரும் சொன்னார்கள். கைவினை கற்பிக்கும் இடங்களில் இன்றும் சொல்லப்படும் விளக்கம் அது. ஆனால் இந்தத் தலையில் குழிவே கிடையாது. துண்டுகளை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து பார்த்தபோது, உடைந்த முகங்களும் வெளிப்பரப்பைப் போலவே சிவந்திருந்தன. கெட்டியான மண்ணை இந்த வகைச் சூளையில் சுட்டால் நடுப்பகுதிக்குப் போதிய காற்று எட்டாமல் அது கறுத்தே நிற்கும். சூடு முடிந்து ஆறும்போது உடைந்திருந்தால் உடைவில் அந்தக் கறுப்பு தெரிந்திருக்க வேண்டும். உடைந்த முகமே சிவந்திருப்பதால், துண்டுகள் சிதறிய பிறகு தனித்தனியாகச் சுடப்பட்டிருக்கின்றன என்றும், வெடிப்பு தொடக்கத்திலேயே நிகழ்ந்தது என்றும் ஆகிறது. தீ மூட்டிய சிறிது நேரத்தில் கேட்ட சத்தமும் இதனோடு பொருந்துகிறது.

தொடக்கச் சூட்டில் மண்ணை உடைக்கக்கூடியது நீர். 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகிறது. சுவர் மெல்லியதாக இருந்தால் அது நுண்துளைகள் வழியே வெளியேறிவிடும். கைப்பிடி கனத்தில் மண் இருந்தால், மேற்பரப்பு முன்பே இறுகியிருந்தால், வெளியேறும் வேகத்தைவிட உண்டாகும் வேகம் மிஞ்சிவிடுகிறது. மண்ணின் கட்டமைப்போடு பிணைந்த நீர் ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரி வரையில் வெளியேறுவதும், மணலில் உள்ள குவார்ட்சு 573 டிகிரியில் சட்டென்று பருப்பதும் பிற்பாடு வரும் ஆபத்துகள். இங்கே நடந்தது அவற்றுக்கு முன்பே நடந்துவிட்டது.

சுருக்கத்தையும் அளந்து பார்த்தோம். பானை மண்ணில் பட்டைகள் செய்து, ஒவ்வொன்றிலும் 10 செ.மீ. கோடு இழுத்துக் காயவைத்தபோது கோடு 9.1 செ.மீ. ஆனது. மெல்லிய, சீரான பானைச் சுவருக்கு இந்தச் சுருக்கம் பொறுக்கும். ஓரிடத்தில் விரற்கடையும் இன்னோரிடத்தில் உள்ளங்கை அகலமும் கனமுள்ள உருவத்துக்குப் பொறுக்காது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

சிற்பங்களை உட்கூடாகவே செய்வது, சுவர்க் கனத்தை ஒன்றரை செ.மீ.க்கு மேல் போகவிடாமல் பார்ப்பது, அடியிலும் மறைவான இடத்திலும் துளை விடுவது என்பவை முதலில் முடிவாயின. தென்மாவட்ட ஐயனார் கோயில்களுக்குச் செய்யப்படும் ஆளுயரக் குதிரைகள் இப்படித்தான் உட்கூடாக, மணலும் உமியும் கலந்த மண்ணில் எழுப்பப்படுகின்றன. வேளாரும் இதை அறிந்தவர்தான். "பானை மண்ணுல பொம்மை நிக்காது பிள்ளே, உமி போடணும்" என்றார். மாணவிக்கு உமி கலந்த மண்ணின் முரட்டுத்தனம் பிடிக்கவில்லை. முகத்தின் நுணுக்கம் கெட்டுவிடும் என்று அவர் அஞ்சினார். ஆகவே உமிக்குப் பதிலாக, சுட்ட ஓட்டை இடித்த தூளைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்தார். ஏற்கெனவே சுட்ட மண் மறுபடியும் சுருங்காது. ஈரம் வெளியேற வழியும் விடும். ஐந்தில் ஒரு பங்கு ஓட்டுத்தூள் சேர்த்த பட்டையில் 10 செ.மீ. கோடு 9.4-இல் நின்றது.

காயவைக்கும் முறையும் மாறியது. காற்றுப் படாத அறையில் ஈரச்சாக்கு மூடி, நாளுக்கு நாள் மூடலைத் தளர்த்தி, ஒவ்வொரு உருவத்தையும் தராசில் நிறுத்து எடை எழுதினார். எடை இறங்குவது நின்ற பிறகே காய்ந்ததாகக் கொள்வது என்ற விதியை வைத்துக்கொண்டார். கன்னத்தில் வைத்துப் பார்த்துக் குளிர்ந்தால் இன்னும் ஈரமுண்டு என்பது வேளார் சொல்லித் தந்த சோதனை. தராசும் கன்னமும் பெரும்பாலும் ஒத்தே போயின; கனமான அடிப்பகுதிகளில் மட்டும் தராசு கூடுதலாகக் காத்திருக்கச் சொன்னது.

வேளாரின் சூளை இல்லையென்று ஆனதால், கல்லூரி ஆய்வகத்தின் சிறிய மின் உலையைத் துறைத் தலைவரின் அனுமதியோடு பயன்படுத்தினோம். அதன் அறை சிறியது. இரு கைக்குள் அடங்கும் உருவம்தான் உள்ளே போகும். சூட்டை மெல்ல ஏற்றி, 100 டிகிரிக்குச் சற்று முன்பே நெடுநேரம் நிறுத்தி, பிறகு 950 வரை கொண்டுபோனோம். எதுவும் வெடிக்கவில்லை. முகங்கள் கூர்மையாக வந்தன. புரட்டாசி முடிவதற்குள் ஒரு மேசை நிறைய உருவங்கள் சேர்ந்துவிட்டன. கல்லூரி அரங்கில் அவற்றைக் காட்சிக்கு வைக்கவும் ஏற்பாடானது.

மழைக்காலத்தில் வெளிப்பட்ட பழுது

ஐப்பசி மழை தொடங்கியதும், காட்சிக்கு வைத்த உருவங்களின் மேற்பரப்பிலிருந்து சிறு சில்லுகள் தானாகவே தெறிக்கத் தொடங்கின. யாரும் தொடவில்லை. ஒரு பெண்ணின் கன்னத்தில் மிளகளவு பள்ளம், மறுநாள் நெற்றியில் ஒன்று, கொக்கின் கழுத்தில் ஒன்று என்று விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு பள்ளத்தின் நடுவிலும் ஒரு வெண்புள்ளி இருந்தது.

அந்தப் புள்ளி சுண்ணாம்பு என்பதை அறிய அதிக நேரம் ஆகவில்லை. மண்ணில் கல்லாகவோ கிளிஞ்சலாகவோ இருக்கும் கால்சியம் கார்பனேட், 800 முதல் 900 டிகிரி அளவில் கரியமில வாயுவை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீர்த்த சுண்ணாம்பாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ இருமடங்காகிறது. மேற்பரப்புக்குக் கீழே இப்படி ஒரு துகள் பருத்தால், மேலேயுள்ள மண் சில்லாகத் தெறிக்கும். உலையிலிருந்து எடுத்தபோது பழுதற்று இருந்தவை, ஈரக்காற்று வந்த பிறகே கெட்டதன் காரணம் இது. மெய்யாகச் சொன்னால், காட்சி வெயில் காலத்தில் முடிந்திருந்தால் எங்களில் யாருக்கும் இது தெரிந்திருக்காது.

அடுத்த கேள்வி, சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்பது. வேளார் உருவங்களைக் கையில் வாங்கிப் பார்த்ததும், மண்ணில் சுக்கான்கல் (சுண்ணாம்புக்கல்) இருக்கிறது, குளத்தின் கரையோர மண் கலந்திருக்கும் என்றார். தாழையூத்துச் சிமெண்ட் ஆலைக்கே சுண்ணாம்புக்கல் தரும் நிலம் உள்ள மாவட்டம் இது. அவர் சொன்னது நம்பத்தக்கதாகவே இருந்தது. ஆனால் அதே குவியலில் மண் எடுத்து, ஓட்டுத்தூள் சேர்க்காமல் மாணவி வனைந்து, அதே உலையில் 950 டிகிரியில் சுட்ட கிண்ணங்கள் அதே அறையில், அதே மழையில் ஒரு சில்லும் விழாமல் இருந்தன. மண் காரணமென்றால் அவையும் தெறித்திருக்க வேண்டும்.

ஆகவே கலவையின் ஒவ்வொரு பொருளையும் தனியே எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பார்த்தோம். குளத்து மண் அசையவில்லை. ஆற்றுமணலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு குமிழி வந்தது. ஓட்டுத்தூள் நுரைத்துப் பொங்கியது. அந்தத் தூள் வந்த வழியைக் கேட்டபோது விடை கிடைத்தது. ஊரில் இடித்த பழைய வீடு ஒன்றின் மாடியிலிருந்து பெயர்த்துப் போட்ட தட்டோடுகளை அள்ளி வந்து இடித்திருக்கிறார்கள். தட்டோடு பதிப்பது சுண்ணாம்புக் காரையில். ஓட்டின் அடியில் ஒட்டியிருந்த காரை அப்படியே இடிபட்டு, கொசுவலையில் சலிக்கப்பட்டுக் கலவைக்குள் போயிருந்தது. கொசுவலையின் கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதால், மிகத் தீங்கான அளவுத் துகள்களும் தடையின்றி நுழைந்துவிட்டன. அவை இன்னும் நுண்ணிய தூளாக இருந்திருந்தால் பெரும்பாலும் மண்ணில் கரைந்ததுபோல் அடங்கியிருக்கும்.

சுட்ட வெப்பமும் இதில் பங்கு பெற்றது. ஊர்ச் சூளைகளின் வெப்பம் பெரும்பாலும் 700 முதல் 800 டிகிரிக்குள் நிற்பதால், காரைத்துகள் முழுவதும் சுண்ணாம்பாக மாறியிருக்காது. 1,100 டிகிரியை நெருங்கினால் சுண்ணாம்பு மண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து கட்டுண்டுவிடும். நாங்கள் தேர்ந்த 950 இரண்டுக்கும் நடுவில், மிகவும் கெடுதலான இடத்தில் இருந்தது.

அதன்பின் செய்தவை

தெறித்த உருவங்களைக் காப்பாற்ற முடியுமா என்று மாணவி கேட்டார். செங்கல் சூளைக்காரர்கள் சுண்ணாம்புள்ள கற்களைச் சுட்ட சூடு ஆறுவதற்குள் நீரில் முழுக்கி எடுப்பதுண்டு. துகள் முழுவதும் ஒரேயடியாக நீர்த்துக் கூழாகிவிட்டால் பிறகு பருக்கும் வேகம் இராது. சிலவற்றை உலையில் மறுபடி சுட்டு, இளஞ்சூட்டில் நீரில் அமிழ்த்திப் பார்த்தோம். சில தப்பின, சில நீரிலேயே மேலும் தெறித்தன. இதை ஒரு தீர்வாகக் கொள்ளாமல், அந்த உருவங்களைக் காட்சியிலிருந்து எடுத்துவிடுவதென்று அவரே முடிவு செய்தார்.

புதிய கலவைக்கு, வேளாரின் சூளையில் உடைந்து குவிந்துகிடந்த ஓட்டாஞ்சில்லுகளே இடித்துச் சலிக்கப்பட்டன. காரை படாத சுத்தமான மண் அது. செய்யப்போகும் உருவத்தின் மண்ணும் அதுவே. இடிக்கும்போது தூசு கிளம்பாதிருக்க நீர் தெளித்தும், மூக்கையும் வாயையும் மூடியும் செய்தார்கள். சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கினால் வெளியேறாது. ஒவ்வொரு முறை இடித்த தூளிலும் ஒரு கரண்டி எடுத்து அமிலச் சோதனை செய்த பிறகே கலந்தார்கள்.

ஓட்டாஞ்சில்லு கேட்டுப் போன சமயத்தில் தட்டோட்டுத் தூளையும் சிறிது அமிலத்தையும் எடுத்துக்கொண்டு, வேளாரின் முன்னிலையிலேயே நுரைப்பதைக் காட்டினோம். அவர் தன் குளத்து மண்ணிலும் விடச் சொன்னார். அது அடங்கிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "எம்மண்ணு மேல பழி இல்லல்லா" என்றார். சிற்பங்களைச் சூளையில் வைக்க அவர் மறுபடியும் ஒப்புக்கொண்டது அதற்குப் பிறகுதான். தீவாய்க்கு அருகில் வைக்கக் கூடாது, முதலில் நெடுநேரம் புகைமூட்டம் மட்டுமே போட வேண்டும், எடை பார்த்த உருவங்களை மட்டுமே கொண்டுவர வேண்டும் என்ற மூன்றையும் இரு தரப்பும் பேசிக்கொண்டார்கள்.

விளைவு

தை மாதச் சூளையில் குடத்துடன் குந்திய பெண், உட்கூடாக, முழங்கை உயரத்துக்குச் சுட்டு வந்தது. இருக்கையின் அடியில் ஒரு மயிர்க்கோடு உண்டு, நிற்பதற்குத் தடையில்லை. ஒரு தோள்பட்டையில் புகை தங்கிக் கறுத்திருந்ததை மாணவி துடைக்காமல் விட்டார். ஒட்டுருவப் பலகைகளில் பெரும்பாலானவை பிழைத்தன. கொக்கின் கால் போல மெல்லிய பகுதிகள் மட்டும் இப்போதும் பெயர்கின்றன. அடுத்த ஐப்பசி மழையைக் கடந்த பிறகும் புதிய கலவையில் செய்தவற்றில் சில்லு எதுவும் விழவில்லை.

பளபளப்பான மெருகுப்பூச்சுக்கும் ஒரு முறை முயன்றார். கடையில் வாங்கிய பூச்சை அகல்களில் தடவி மின் உலையில் சுட்டபோது, ஆறிய பிறகு பூச்சு முழுவதும் வலைபோல விரிசல் விட்டது. மண்ணும் பூச்சும் ஆறும்போது சுருங்கும் அளவு ஒத்துப்போகாததன் அடையாளம் அது. அந்தப் பூச்சின் உட்பொருள் விவரம் கிடைக்கவில்லை; ஈயம் கலந்த பூச்சுகள் சந்தையில் இருப்பதால், உணவு வைக்கும் பாத்திரம் எதிலும் அதைப் பயன்படுத்துவதில்லை என்று முடிவெடுத்து, அந்த முயற்சியை அத்துடன் நிறுத்திக்கொண்டார்.

மாற்ற வேண்டியவை

வெளியிலிருந்து வரும் எந்தப் பொருளும் கலவைக்குள் போகும் முன் அமிலச் சோதனைக்கு வர வேண்டும். ஆய்வகம் இல்லாதவர்கள் தூள் மீது வினிகரை விட்டுக் காதருகே வைத்துக் கேட்டாலும், நுரைக்கும் ஒலி காரையைக் காட்டிக்கொடுக்கும். கொசுவலைக்குப் பதில் மாவுச் சல்லடை வேண்டும். சுட்ட சோதனைத் துண்டு ஒன்றை ஈரத்துணியில் சுற்றிச் சில வாரங்கள் வைத்துப் பார்த்த பிறகே பெரிய உருவத்துக்கு மண்ணைப் பிசைய வேண்டும். மழைக்காலம் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உமியைப் பற்றி எங்களுக்குள் இன்னும் கருத்து ஒன்றாகவில்லை. அது எரிந்து விடும் துளைகள் ஈரத்துக்கு வழி தருவதோடு எடையையும் குறைக்கின்றன; பெரிய உருவங்களுக்கு வேளார் சொன்னதே பொருந்தும் என்பது என் எண்ணம். முகத்துக்கு ஓட்டுத்தூள் மண், உடலுக்கு உமி மண் என இரண்டையும் ஒரே உருவத்தில் சேர்க்கலாம் என்கிறார் மாணவி. இரண்டின் சுருக்கமும் ஒன்றாக இருந்தால்தான் அது நடக்கும். வரும் கோடையில் குளத்து மண் வந்ததும், உமியின் பங்கை மாற்றி மாற்றிப் பட்டைகள் செய்து, 9.4-ஐத் தொடும் கலவை எது என்று அளந்து பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறோம்.